அப்பாவின் கல்லில் திறக்கும் பக்கம்

சமத்,

போர்சோக் ரொட்டி பொரிச்சு மூடி வச்சிருக்கேன். அப்பா பேருக்கு ஓதிட்டுத் தின்னு.

அப்பா கல்லறையில நாம செதுக்க வச்ச கியூஆர் கோடை அம்மா நேத்து ஸ்கேன் பண்ணினாங்க. அப்பா படம் வரலை. சூதாட்ட விளம்பரம், அரைகுறைத் துணியில பொம்பளைங்க. வெப்சைட் பேரைப் புதுப்பிக்கச் சொல்லி மூணு மெயில் வந்துச்சே, பார்த்துக்கறேன்னு சொன்னியே! இப்ப அந்தப் பேரை எவனோ பிடிச்சுக்கிட்டான்.

உளியோட போறேன். ஓஷ் ஊர்லேர்ந்து சித்தப்பா வர்றதுக்குள்ள சுரண்டியாகணும். சாவி ஜன்னலோரம்.

அக்கா

பி.கு.: அந்தப் பக்கத்துல அம்மா ‘அனுமதி’யை வேற அழுத்திட்டாங்க. மணிக்கொரு தடவை விளம்பரம் வந்து போன் கூவுது. நிறுத்தப் போனா கையைத் தட்டிவிடறாங்க. “உங்கப்பா கல்லுலேர்ந்துதானே வருது, இருக்கட்டும்டி.”

அது அப்பா இல்லைன்னு அம்மாகிட்ட நீயே சொல்லு. என்னால முடியலை.