செல்வி அக்காவின் விரல் துணி

மே 16, வெள்ளி

அருவருப்பாக இருக்கிறது. நிவேதா மேல் பாதி, என் மேல் பாதி.

டிசைன் கல்லூரியில் என் வகுப்புத் தோழி. விடுமுறை புராஜெக்டுக்காகச் சென்னையிலிருந்து என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இன்று மொரப்பூர் பக்கம் தக்காளிக்கூடை பின்னும் செல்வி அக்காவிடம் கூட்டிப்போனேன். அட்டைப்பெட்டிகளைக் கட்டிவரும் பிளாஸ்டிக் பட்டையில்தான் பின்னுகிறார். அதன் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு விரலிலும் பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தார்.

"துணியோட போட்டோ எடுத்தா கை அசிங்கமா இருக்குடி. கழட்டச் சொல்லேன்" என்றாள் நிவேதா.

செல்வி அக்கா சிரித்தார். "கழட்டுனா அறுத்துப்புடும் கண்ணு."

நிவேதா கேட்டிருந்தால் கழற்றியிருக்க மாட்டார். நான்தான் ஊர்ப்பிள்ளை என்ற உரிமையில், "ஒரே ஒரு தடவைங்க்கா, எனக்கோசரம்" என்றேன். கழற்றினார். மூன்றாவது சுற்றிலேயே பட்டை விரலைக் கிழித்துவிட்டது. வெள்ளைப் பட்டையில் ரத்தம் வழிந்தது. நான் துணியைத் தேடினேன். நிவேதாவோ, "அப்படியே இருங்க, அசையாதீங்க" என்று படமாக எடுத்துத் தள்ளினாள்.

அக்காவும் அசையாமல் இருந்தார். பிறகு விரலை வாயில் வைத்துக்கொண்டு, "போட்டோ நல்லா வந்துச்சா கண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

சாயங்காலம் வகுப்பு குரூப்பில் அந்தப் படம் வந்தது. 'உழைப்பின் நிறம்' என்று தலைப்பு வேறு. கீழே வரிசையாக ஹார்ட்.

சாப்பிடும்போது, "எல்லாரும் ஹார்ட் போட்டாச்சு, நீ மட்டும் போடலையே?" என்றாள் நிவேதா.

போட்டேன்.