வாத்தியார் வந்ததும் பார்க்க

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஆறு வருடமாக உன்னைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. நீ உயிரோடு இருந்தபோதும் பேசவில்லை, செத்துப்போன பிறகும் பேசவில்லை. உன் கடை ஜெராக்ஸ் தாள் ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. ஒரு பென்டிரைவைச் சுற்றி வந்த தாள். இயந்திரத்தின் சூட்டு வாசனையும் நீ ஓயாமல் மென்றுகொண்டிருந்த காராச்சேவின் எண்ணெய் வாசனையும் இன்னும் அதிலிருந்து போகவில்லை. குப்பையில் போட இரண்டு முறை எடுத்தேன். அங்கேயேதான் இருக்கிறது.

கொடுத்தது உன் மனைவி. பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருந்தேன். உன் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கண்டும் காணாமல் தாண்டிவிடலாம் என்று வேகமாக நடந்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டது.

"அண்ணே, செத்த நேரம் நில்லுங்க. இதை உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாரு."

"எனக்கு எதுக்கும்மா இது?"

"அது எனக்கென்னண்ணே தெரியும்? சாவுக்குத்தான் வரல, இதையாச்சும் வாங்கிக்கிருங்க."

வாங்கிக்கொண்டேன்.

உனக்கென்று இணையத்தில் ஓர் அஞ்சலிப் பக்கம் திறந்திருக்கிறார்கள், தெரியுமா? ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக் கெட்டுப்போன உன் சீடர்கள். "ஒற்றை ஆளாக ஒரு விளையாட்டையே தமிழுக்குக் கொண்டுவந்த மேதை" என்கிறான் ஒருவன். இன்னொருவன் உன்னை நீ உருகிப் பார்த்த அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடரின் பாணியிலேயே வரைந்திருக்கிறான். முகத்தில் பாதிக்குக் கண், நெற்றியில் விழும் நீல நிற முடி. உன் தலையில் ஏது முடி? ரெட்டியார்சத்திரத்தில் தக்காளி போட்ட குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, சாதிச் சான்றிதழுக்கு நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த உன்னைத் தமிழ்த் தொண்டர் என்கிறார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். நல்ல சிரிப்பு அல்ல.

உன்னை முதலில் பார்த்த நாளிலேயே எனக்கு உன்னைப் பற்றி ஒரு முடிவு வந்துவிட்டது. என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யக் கொடுக்க வந்திருந்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய். வீட்டில் ஏதோ கெட்ட செய்தி போல என்று நினைத்து, "என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"அந்தப் புள்ள ஊரை விட்டுப் போகுது வாத்தியாரே."

"எந்தப் புள்ள?"

கணினித் திரையைக் காட்டினாய். படகில் ஒரு கார்ட்டூன் பெண் போய்க்கொண்டிருந்தாள். முப்பது வயதைத் தாண்டிய ஆண் பிள்ளை, வாசலில் வாடிக்கையாளர்கள் நிற்க, கோட்டுச் சித்திரத்துக்கு அழுகிறான். நான் உன்னை முட்டாள் என்று முடிவு செய்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழுகை வந்தா அழுதுறணும் வாத்தியாரே, அடக்குனா வாயுவாப் போயிரும்" என்றாய். முடிவு உறுதியானது. உனக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனாலும் நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன் என்பதால் நீ என்னை 'நீங்க' என்றாய், நான் உன்னை 'நீ' என்றேன். அதை நீயும் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை.

அந்தத் தொடரை விளையாட்டாக ஆக்கியிருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினாய். விசுவல் நாவல் என்று பெயர். நாவலாம்! ஓடுவதும் சுடுவதும் இல்லை. படம் ஒன்று நிற்கும், கீழே வசனம் ஓடும், பொத்தானை அமுக்க அமுக்க அடுத்த வசனம். எப்போதாவது இரண்டு மூன்று பதில்களைக் கொடுத்து ஒன்றை எடு என்று கேட்கும். எடுத்ததைப் பொறுத்துக் கதை வேறு கிளைக்குப் போகும். கதை என்று ஒன்று இருந்தால்தானே? மூடப்போகும் ஒரு துறைமுக ஊர்ப் பள்ளிக்கூடம், அதன் ஒலிபெருக்கியில் தினமும் அறிவிப்பு வாசிக்கும் பெண், அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும், ஒரு வகுப்பு மூத்த பையன். தொடரில் அவள் சொல்லாமல் ஊரை விட்டுப் போய்விடுகிறாள். விளையாட்டில் ஒரு கிளையில் மட்டும் முடிவு வேறு மாதிரி என்று கேள்விப்பட்டு நீ துடித்தாய்.

"எனக்கு இங்கிலீசு ஏழாம் பொருத்தம் வாத்தியாரே. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க, நான் அமுக்குறேன்."

ஒரு வருடம் முழுக்க, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஞாயிறு மத்தியானங்களில் நான் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல, நீ எண்ணெய்க் கையால் அமுக்கினாய். பிறகு உனக்கு ஒரு யோசனை வந்தது: இதையே எழுதி உள்ளே ஏற்றினால் என்ன? அசல் விளையாட்டை வாங்கியவன் எவனும் தமிழில் விளையாடலாமே? எழுதியது நான். ஒவ்வொரு வரியும் நான். ஏற்றியது நீ.

வசனங்களை உருவி ஒரு நீண்ட பட்டியலாக என்னிடம் கொடுத்தாய். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று அதில் இருக்காது. அந்தப் பெண் அந்தப் பையனை 'சீனியர்' என்று கூப்பிடுகிறாள். நம் ஊரில் மேல் வகுப்புப் பையனை எப்படிக் கூப்பிடுவார்கள்? அண்ணே என்றுதான். நான் யோசிக்காமல் எல்லா இடத்திலும் 'அண்ணே' போட்டுவிட்டேன். ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். ஆறாவது பகுதியில், கொட்டும் மழையில் நனைந்தபடி அவள் அவனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு அண்ணே."

நீ பிளாஸ்டிக் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தாய்.

"வாத்தியாரே, இதை வெளிய விட்டோம், ஊருக்குள்ள நடமாட முடியாது!"

"சிரிக்காதே. மாத்திரலாம்."

"என்னன்னு மாத்துவீங்க? மாமான்னா?"

"ஏலே, பள்ளிக்கூடத்துப் புள்ளை மாமாங்குமா?"

"அப்ப அத்தான்?"

"கறுப்பு வெள்ளைப் படமா எடுக்குற?"

தரையில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு நிதானமாகச் சொன்னாய்: "நான் உங்களைக் கூப்பிடுறாப்ல கூப்பிடட்டுமே. கணக்குச் சொல்லிக் குடுக்குறான்ல. வாத்தியாரேன்னு."

வேறு எதுவும் எனக்குத் தோன்றாததால்தான் ஒப்புக்கொண்டேன். மூன்று ஞாயிறு உட்கார்ந்து எல்லா 'அண்ணே'யையும் அழித்தோம். அந்தச் சொல் அங்கே பொருந்தியது. மரியாதை, கேலி, உரிமை மூன்றும் அதில் இருந்தன. இலக்கியம் படித்த எனக்கு வராதது உனக்கு எப்படி வந்தது என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கும்தான்.

அந்த வேறு கிளையைக் கண்டுபிடித்ததும் நான்தான். கடைசிப் பகுதியில் அவள் கேட்பாள், "நான் போயிட்டா என்ன செய்வீங்க வாத்தியாரே?" மூன்று பதில்கள் வரும். மேலே ஒரு கோடு குறைந்துகொண்டே போகும். அது தீர்வதற்குள் ஒன்றை அமுக்க வேண்டும். மூன்றையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தாய். எதை அமுக்கினாலும் படகில் அவள் தனியாகவே போனாள். வழிகாட்டிக் குறிப்பு இணையத்தில் இருக்கிறது என்றேன். "பிட்டு அடிச்சுப் பாஸாகணுமா?" என்று மறுத்துவிட்டாய். பத்தாவது முறை நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "சும்மா இரு. ஒண்ணையும் அமுக்காதே." உன் கை என் பிடிக்குள் துள்ளியது. கோடு தீர்ந்தது. திரையில் அதுவரை பார்க்காத ஒரு படித்துறை வந்தது. நீ என்னைப் பார்த்தாய். "எப்படி வாத்தியாரே?" என்றாய். ஒன்றும் பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்று உனக்குத் தோன்றவே தோன்றாது. எனக்கு அது ஒன்றுதான் தோன்றும்.

அன்றைக்கு அதற்கு மேல் போகவில்லை. அந்தக் கிளையைத் தமிழில் எழுதிய பிறகுதான் பார்ப்பது என்று பிடிவாதம் பிடித்தாய். மற்றதை முதலில் வெளியிடுவோம், இது பின்னால் வரட்டும் என்றாய்.

வெளியீட்டு நாள். உன் கடைக்குள் ஏழு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். மதுரையிலிருந்து வந்தவர்கள், ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தவர்கள். திரையில் பெயர்கள் ஓடின. தமிழில் என்று போட்டு உன் கடையின் பெயர். நன்றி என்று போட்டு, ஜப்பான் மக்களுக்கும், உன் மனைவிக்கும், கரண்ட் போகாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கும். மின்வாரியத்துக்குக் கூட நன்றி சொன்னாய். நான் எங்கேயும் இல்லை.

ஒட்டன்சத்திரத்துத் தம்பி உருகிப்போய்க் கேட்டான். "ஏனுங்கண்ணா, தமிழ் அருமைங்க. எல்லாம் நீங்களே பண்ணுனதுங்களா?"

நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு, "ஏதோ பண்ணிட்டோம் தம்பி" என்றாய்.

பண்ணிட்டோமாம். அந்தப் பன்மைக்குள் நான் சுருண்டு படுத்துக்கொள்ள வேண்டுமாம். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். "வாத்தியாரே, டீ சொல்லியிருக்கேன்" என்று படி வரைக்கும் வந்தாய். நான் திரும்பவில்லை. அதன் பிறகு உன் அழைப்புகளை எடுக்கவில்லை. ஒருமுறை கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தாய். நான் பின் வாசல் வழியாகப் போய் பஸ் பிடித்தேன். நான்கு மாதத்துக்கு முன் செம்பட்டி போகும் பேருந்தில் உனக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னபோது, "அப்படியா" என்றேன். வேறு என்ன சொல்ல?

பென்டிரைவில் அந்த விளையாட்டு இருந்தது. உன் அறிவை மறுபடி ஒருமுறை அளந்து பார்க்கத்தான் ஓட்டினேன். பாதியில் நிறுத்திய இடங்களுக்கு நீ வைத்திருந்த பெயர்கள் வரிசையாக இருந்தன. 'மழை.' 'சிரிப்பு.' 'மறுபடி அழுகை.' கடைசியாக ஒன்று: 'வாத்தியார் வந்ததும் பார்க்க.'

திறந்தேன். அவள் நின்றுகொண்டிருந்தாள். "நான் போயிட்டா என்ன செய்வீங்க வாத்தியாரே?" கோடு குறைய ஆரம்பித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். படித்துறை வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம். ஒரு வரிகூட நீ தொடவில்லை. 'வேலை நடக்குது' என்று ஆறு வருடம் உன் சீடர்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய், அஞ்சலிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். வேறு ஆளை வைத்து எழுதியிருக்கலாம். எவன் வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருப்பான். அதற்குக்கூடத் துப்பில்லை உனக்கு.

இதையும் சொல்லிவிடுகிறேன். வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பு, எங்கள் துறைத் தலைவர் உன் கடைக்கு நகல் எடுக்க வந்தார். கையில் பென்சிலோடு, திரையில் அந்தப் பெண்ணோடு என்னைப் பார்த்தார். "என்ன சார் இது?" என்றார். "ஒண்ணுமில்ல சார், இவன் ஏதோ பொம்மைப் படம் பாக்குறான். நான் பிரிண்ட் எடுக்க வந்தேன்" என்றேன். அவர் போனதும் உன்னிடம் சொன்னேன்: "என் பேரு இதுல எங்கயும் வரக் கூடாது. வந்துச்சு, இந்தக் கடைப் படி மிதிக்க மாட்டேன்." நீ காராச்சேவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சரி வாத்தியாரே" என்றாய்.

மறந்துவிட்டதாக ஆறு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. ஆனால் கேட்கிறேன், கோபத்தில் சொல்வதற்கெல்லாமா தலையாட்டுவது? எந்தச் சொல்லைக் கேட்க வேண்டும், எதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தெரியாதவன் என்ன நண்பன்? பெயரைப் போட்டிருந்தால் ஒரு வாரம் கத்தியிருப்பேன். பிறகு வந்திருப்பேன். படுபாவி, நீ கேட்டுத் தொலைத்தாய்.

ஒரு மாதமாக ஞாயிறு மத்தியானங்களில் உட்கார்ந்து அந்தக் கடைசிக் கிளையை எழுதினேன். நேற்று முடிந்தது. நீ அவ்வளவு துடித்தாயே, என்ன முடிவு என்று கேள். இதிலும் அவள் போய்த்தான் விடுகிறாள். அதே படகு, அதே கடல். இதில் அவன் படித்துறைக்கு வழியனுப்ப வருகிறான். வித்தியாசம் அவ்வளவுதான். இதற்கா ஆறு வருடம் நிறுத்தி வைத்திருந்தாய்?

எழுதியதையும் இந்த மடலையும் சேர்த்து உன் அஞ்சலிப் பக்கத்துக்கே அனுப்பப் போகிறேன். உன் சீடர்கள் ஏற்றிக்கொள்ளட்டும். அவள் எல்லா இடத்திலும் அவனை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறாள். அதை மாற்றவில்லை. மாற்ற முயன்றேன், வேறு எதுவும் பொருந்தவில்லை. வகுப்பில் எவனாவது அந்தச் சொல்லால் கூப்பிட்டால் இப்போது ஒரு நொடி வாசலைப் பார்க்கிறேன். உன்னால் வந்த வினை.

அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கம் பெயர் கேட்கிறது. மூன்று முறை தட்டச்சு செய்தேன், பட்டங்களோடு ஒரு முறை. அழித்துவிட்டேன். என் பேரு எங்கயும் வரக் கூடாது என்று சொன்னவன் நான். சொன்னதைக் காப்பாற்றியவன் நீ ஒருவன்தான். கட்டம் காலியாக இருக்கிறது. அப்படியே அனுப்புகிறேன்.