கோட்டப்பட்டி பஸ்ஸைக் கூப்பிட ஒரு பெட்டி

மே 6, செவ்வாய்

போர்டு வந்துவிட்டது. கூரியர்காரர் பாலிடெக்னிக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் காட்டி, இதற்குள் ஒரு முழு கம்ப்யூட்டர் இருக்கிறது, லினக்ஸ் ஓடும் என்றேன். அவர் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்லேட்டில் எழுதினார்: "இதுவா கத்தப்போவுது?"

ஸ்பீக்கர் தனியாக வரும் என்றேன்.

அவருக்கு ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. பத்தொன்பது வருடமாக அரூர் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். நேரம் குறிப்பது பாதி வேலை, ஊர் பேர் சொல்லிக் கூப்பிடுவது மீதிப் பாதி. ஏப்ரலில் இருந்து திரும்ப வேலைக்குப் போகிறார். நேரம் குறிக்கிறார், விசில் ஊதக்கூட முடியாது, மூச்சு வாய் வழியாக வருவதில்லை. கையால் டைம் ஆபீஸ் தகரத்தைத் தட்டுகிறார்.

தொண்டையில் வைத்துப் பேசும் கருவி வாங்கினோம். வண்டு ரீங்காரம் மாதிரி இருக்கும், பஸ் இன்ஜின் சத்தத்தில் அதுவும் கேட்காது. ஊர் பேரைப் போனில் போட்டு ஸ்பீக்கரில் விட்டுப் பார்த்தோம், நடுவில் யாராவது போன் செய்துவிடுகிறார்கள்.

"ஒரு எம்பி3 பிளேயர் போதாதுங்களா மேடம்?" என்று எங்கள் டிபார்ட்மென்ட் இளம்பரிதி சார் கேட்டார். போதாது. பட்டனை அழுத்தினால் ஊர் பேர் கூப்பிட வேண்டும். யாராவது வந்து கேள்வி கேட்டால், இவர் தட்டச்சு செய்கிற பதிலையும் அது பேச வேண்டும். அதற்குத்தான் இந்த போர்டு.

ஊர் பேர்களுக்கு அவர் குரலே இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் டாக்டர் சொன்னதால் வீட்டில் உட்கார்ந்து போனில் பதினாலு நிமிடம் பதிவு செய்தார். பழைய போனை மாற்றும்போது அதை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்தேன்.

மே 8, வியாழன்

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளை போர்டிலேயே கம்பைல் செய்ய, அதாவது போர்டு ஓட்டக்கூடிய பைலாக மாற்ற, முயன்றேன். இரண்டரை மணி நேரம் ஓடி, மெமரி போதாமல் தானே செத்துப்போனது. அறுபத்து நாலு எம்பி. என் தப்புதான், முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

இனி லேப்டாப்பில்தான் கம்பைல் செய்ய வேண்டும், ஆனால் இந்த போர்டின் சிப்புக்குப் புரியும் மாதிரி. கிராஸ் கம்பைல். பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வரும். பதில் எனக்கு மனப்பாடம். செய்ததில்லை.

மே 11, ஞாயிறு

பட்டன் எத்தனை வேண்டும் என்று பார்க்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எண்ணியதில் பன்னிரண்டு: கோட்டப்பட்டி, தீர்த்தமலை, கம்பைநல்லூர், மொரப்பூர், ஊத்தங்கரை... ஒரு தடவைகூட நின்று கவனித்ததில்லை நான், இத்தனை வருடத்தில்.

இவர் கழுத்துத் துணிக்கு மேல் இன்னொரு துணி கட்டியிருந்தார், தூசிக்கு. தகரத்தைத் தட்டினார். சிலர் திரும்பினார்கள். எந்தப் பஸ் என்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா கோட்டப்பட்டி பஸ் கண்ணெதிரே போனபிறகு எழுந்து, "சொல்ல மாட்டியாப்பா?" என்று கேட்டார். இவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

உரிமையாளர் சங்கச் செயலாளர் பச்சியப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். சொல்லக் கஷ்டப்பட்டுத்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கூட்டம் ஏறாம வண்டி காலியா போவுதுன்னு ஓனருங்க எல்லாம் கேக்கறாங்க. ஜூன் கடைசி வரைக்கும் நான் பேசி வெச்சிருக்கறேன். அதுக்கப்புறம் ஷெட்டுல வண்டி கழுவற எடத்துல பாத்துக்கச் சொல்லலாம்னு..."

தண்ணீரும் தூசியுமான இடம். கழுத்தில் துளை உள்ளவருக்கு.

மே 13, செவ்வாய்

கம்பைலர் வேலை செய்கிறது. பைல் வந்தது. போர்டுக்கு அனுப்பினேன், ஓட்டினேன். "அப்படி ஒரு பைல் இல்லை" என்கிறது. கண்ணெதிரே இருக்கிறது. பட்டியல் கேட்டால் அதுவே காட்டுகிறது, ஓட்டச் சொன்னால் இல்லை என்கிறது.

மே 14, புதன்

இல்லை என்கிறது.

மே 17, சனி

இல்லாதது என் பைல் அல்ல. அந்தப் பைல் ஓடுவதற்குத் துணையாக இருக்க வேண்டிய இன்னொரு பைல். தசம எண்களைக் கையாள்வதில் இரண்டு வகை கம்பைலர் இருக்கிறது. போர்டில் உள்ளது ஒரு வகை, நான் லேப்டாப்பில் போட்டது மற்றது. அதை நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன? நாலு நாள்.

சரியான கம்பைலரை இறக்கி, எல்லாவற்றையும் முதலில் இருந்து கட்டினேன். காலை பதினொன்றரைக்கு போர்டு பேசியது. "இந்த பஸ் தீர்த்தமலை போகாது." எந்திரம் பேசுவதுபோல், ழகரம் எல்லாம் வழுக்கிக்கொண்டு. ஆனால் புரிந்தது.

அவர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். ஒற்றை விரலால். ரொம்ப நேரம். பெட்டி என் பேர் சொல்லிப் பேசியது: "கலை, காப்பி போடு." தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் இல்லாத சிரிப்பு எனக்கு இன்னும் பழகவில்லை. காப்பி போட்டேன்.

மே 20, செவ்வாய்

அழித்துவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். போர்டு ஒரு சின்ன மெமரி கார்டில் இருந்து எழுகிறது. எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பை, இமேஜ் என்பார்கள், லேப்டாப்பில் இருந்து அந்தக் கார்டில் மொத்தமாக எழுத வேண்டும். கீழே என்ன இருந்தாலும் அதன் மேலேயே எழுதும். அவர் குரலை எடுப்பதற்காகப் பென் டிரைவும் சொருகி இருந்தது. சொருகுகிற வரிசையில் லேப்டாப் பேர் வைக்கும்: ஒன்று எஸ்டிபி, ஒன்று எஸ்டிசி. நேற்று கார்டுதான் எஸ்டிபி. இன்று பென் டிரைவை முதலில் சொருகியிருக்கிறேன், அதனால் அது எஸ்டிபி ஆகிவிட்டது. நான் பார்க்கவில்லை. நேற்றைய கட்டளையையே திரும்பப் போட்டேன்.

நூற்று எண்பது எம்பி எழுதியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பென் டிரைவில் இருந்ததே அந்த ஒரு பதிவுதான், பதினைந்து எம்பி, தொடக்கத்திலேயே. மீட்டெடுக்கும் மென்பொருள் இரண்டு போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் போட்டேன்.

இன்னொரு காப்பி ஏன் எடுத்து வைக்கல? லேப்ல வருசா வருசம் பசங்ககிட்ட அதத்தானே சொல்றேன் — ரெண்டு எடத்துல வைங்க, ரெண்டு எடத்துல வைங்கன்னு. பதினாலு நிமிசம். அவ்ளோதான் மிச்சம் இருந்துச்சு அவரோட சத்தம். டாக்டர் வுட்டுவெச்சத நான் அழிச்சிட்டேன்.

மே 21, புதன்

சொல்லவில்லை. "பெட்டி எப்ப?" என்று எழுதினார். வேலை இருக்கிறது என்றேன்.

மே 22, வியாழன்

சொல்லிவிட்டேன். காலையில் கண்ணாடி முன்னால் நின்று கழுத்துத் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்க வாய்ஸ் போயிருச்சுங்க. பென் டிரைவுல இருந்தது. கார்டுன்னு நெனச்சு அது மேலயே எழுதிட்டேன். திரும்ப வராதுங்க."

முடிச்சைப் போட்டு முடித்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மே 24, சனி

பேச முடியாதவர் பேசாமல் இருக்கிறார் என்பது எப்படித் தெரியும்? ஸ்லேட் மூன்று நாளாக ஆணியிலேயே தொங்குகிறது. சாப்பாடு போதும் என்பதைக் கையால் காட்டுகிறார். வேறு எதுவும் இல்லை.

நானும் லேப்டாப்பைத் திறக்கவில்லை.

மே 25, ஞாயிறு

டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதி, நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். அந்தத் தாள் இதோ இருக்கிறது, அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"மொத தடவ டாக்டர் எடுத்தப்பவே அழுதாச்சு. ரெண்டாவது தடவ அழுவ டைம் இல்ல. ஜூன் முடிஞ்சா ஷெட்டு. நீ கூப்புடு."

"நானா? என் சத்தம் லேப்ல ரெண்டாவது பெஞ்சத் தாண்டாதுங்க. ஆரோக்கியராஜ் அண்ணன் கூப்புடட்டும்." ஆரோக்கியராஜ் கோட்டப்பட்டி பஸ் டிரைவர், இவருக்கு நெருக்கம்.

பேனாவை எடுத்து எழுதினார்: "அவன் நாளைக்கே வேற வண்டிக்குப் போவான். அவன் கொரல வெச்சிகிட்டு நான் என்ன பண்றது."

கோபம் இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இருக்கு" என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார். அப்புறம் அரிசிப் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தார்.

ஜூன் 1, ஞாயிறு

ஆரோக்கியராஜின் பஸ் இன்று சர்வீசுக்காக ஷெட்டில் நின்றது. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பதிவு செய்தோம். வேகாத வெயில். நான் மைக்கோடு கடைசி சீட்டில், இவர் டிரைவர் சீட்டுப் பக்கம் என்னைப் பார்த்தபடி.

முதல் தடவை சொன்னேன்: "கோட்டப்பட்டி."

வெளியே இருந்து ஆரோக்கியராஜ் கதவைத் தட்டினார். "அக்கா, அட்டென்டன்ஸ் எடுக்கற மாதிரி இருக்குதுங்க. கோட்டப்பட்டி உள்ளேன் டீச்சர்னு சொல்லிரும்."

அப்புறம்தான் இவர் எழுந்தார். கையை வயிற்றில் வைத்து, மூச்சு இங்கிருந்து என்று காட்டினார். 'கோ'வுக்குக் கையை நீளமாக இழுத்துக்கொண்டே போனார், நான் அதுவரைக்கும் இழுக்க வேண்டும். 'பட்டி'க்கு வெட்டினார். தீர்த்தமலைக்கு 'மலை'யில் மேலே தூக்கினார். ஊத்தங்கரைக்குத் தூக்கவே இல்லை, தட்டையாக நெடுகப் போக வேண்டும். உதடு கூடவே அசைந்தது. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி இழுப்பு இருக்கிறது. இதை யார் இவருக்குச் சொல்லியிருக்கப் போகிறார்கள்? கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்தது.

கோட்டப்பட்டிக்கு மட்டும் பதினொரு தடவை. பதினொன்றாவதில் தலையாட்டினார். எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது, மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பதிவு கெட்டால் பன்னிரண்டாவதாகத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் அடக்கிக்கொண்டேன். மீதி ஊர்கள் சீக்கிரம் முடிந்தன.

பதிவை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். இளம்பரிதி சாரிடமும் ஒன்று.

ஜூன் 4, புதன்

பட்டன், போர்டு, ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்தாயிற்று. மெதுவாக வைத்தால் ஓடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் "கோ" என்றதும் போர்டு அணைந்து முதலில் இருந்து எழுகிறது. ஸ்பீக்கர் கரண்ட்டை உறிஞ்சிவிடுகிறது. இது எனக்குத் தெரிந்த பிரச்சினை, அதனால் சந்தோஷமாகவே இருந்தது. ஸ்பீக்கருக்குத் தனி பேட்டரி போட்டேன். சரியாகிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

பெட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிற்று. நான் போகவில்லை, அட்மிஷன் வேலை. மாலை வந்ததும் ஸ்லேட்டை எடுத்தார்.

"மொத நாளு எல்லாரும் யார் பொம்பளன்னு தேடுனாங்க. டீக்கடக்காரன் ஒன்னும் கேக்கல. ஆரோக்கியராஜ் மட்டும் ஹாரன் அடிச்சான்."

வண்டியில் ஏறினார்களா?

"தீர்த்தமல ஃபுல்."

ஜூன் 17, செவ்வாய்

ஒரு பெரியவர் மருத்துவமனைக்கு எந்தப் பஸ் என்று கேட்டாராம். இவர் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பொறுமை இல்லாமல் வேறு யாரிடமோ கேட்கப் போய்விட்டார். அடிக்கடி கேட்கிற இருபது கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்கிறார். திரும்பக் கம்பைல். அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஜூன் 30, திங்கள்

பச்சியப்பன் ஒன்றும் சொல்லவில்லையாம். நாளையும் காலை ஐந்து பத்துக்கு முதல் வண்டி, இவர்தான்.

ஜூலை 18, வெள்ளி

நாலு மணிக்கு இவரிடமிருந்து குறுஞ்செய்தி: "பெட்டி எழல." பாலிடெக்னிக்கில் இருந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மதியம் யாரோ ஒயரைப் பிடுங்கியிருக்கிறார்கள், எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்று கார்டு குழம்பிவிட்டது. இனி அந்தக் கார்டில் போர்டு எதுவும் எழுதாமல், படிக்க மட்டும் செய்கிற மாதிரி மாற்ற வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை வேலை. இப்போதைக்குப் பழைய இமேஜையே திரும்ப எழுதினால் போதும்.

டைம் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து, எது கார்டு என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, ஆரம்பித்தேன். பெரிய இமேஜ் இப்போது, இருபது கேள்வியும் சேர்ந்தது, கார்டும் மெதுவானது. ஆறு நிமிடம் காட்டியது. மணி 4.22. கோட்டப்பட்டி 4.25.

ஆரோக்கியராஜ் இன்ஜினைப் போட்டுவிட்டார். பஸ்ஸில் பாதி சீட் காலி. ஜனங்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் கடிகாரத்தைப் பார்த்தார், தகரத்தைத் தட்டக் கையை ஓங்கிவிட்டு நிறுத்தினார்.

எழுந்து வாசலுக்குப் போனேன். வயிற்றில் இருந்து மூச்சை எடுத்தேன்.

"கோ...ட்டப்பட்டி. கோ...ட்டப்பட்டி, கோட்டப்பட்டி."

நிழலில் இருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். பிறகு ஒரு குடும்பம். ஒரு அம்மா உரச் சாக்கைத் தலைக்குத் தூக்கினார். எனக்கு முன்னாலேயே கடந்து போய் ஏறினார்கள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் கேட்கிற சத்தம்தானே.

4.25-க்கு இவர் நேரம் குறித்தார். பஸ் கிளம்பியது. கார்டு 4.28-க்கு முடிந்தது, சொருகினேன், எழுந்தது. 4.40 தீர்த்தமலையைப் பெட்டி கூப்பிட்டது.