உனக்குக் கொடுக்காத பதக்கம்

இன்று காலை கம்பெனி ஓய்வறையில் புது டார்ட்ஸ் போர்டைப் பிரித்தார்கள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் கற்றாழை நார் வாசனை குப்பென்று வந்தது. ஆணி எங்கே, டேப் எங்கே என்று பெண்கள் கத்திக்கொண்டிருக்க, தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் வெளியே வந்துவிட்டேன். அனந்தபுரத்தில் உங்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில் நீ போர்டு மாட்டிய அன்றும் இதே வாசனைதான்.

இந்தச் செருப்பு கம்பெனியில் நாம் சேர்ந்தபோது நீ கட்டிங், நான் தையல். விடியற்காலையில் செஞ்சி கூட்ரோட்டில் நான் கம்பெனி பஸ் ஏறும்போது, நீ எனக்கும் சேர்த்து இடம் பிடித்து உட்கார்ந்திருப்பாய். அப்போது ஓய்வறைப் போர்டில் சூப்பர்வைசர்கள் மட்டும்தான் ஆடுவார்கள். ஒரு மதியம் சாப்பாட்டுப் பையை என் மடியில் போட்டுவிட்டு நேராக அவர்களிடம் போய்க் கையை நீட்டினாய்.

"இன்னாம்மா வேணும்?"

"நானும் எறிஞ்சு பாக்கணும் சார்."

"இது ஆம்பளைங்க ஆடறதும்மா."

"போர்டுல அப்படி எங்க எழுதியிருக்குது சார்?"

கேட்ட சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே மூன்று அம்புகளைக் கொடுத்தார். மூன்றும் சுவரில் பட்டு விழுந்தன. எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளும் போனாய். அதற்கு அடுத்த நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஒரு வருடத்தில் அந்த சூப்பர்வைசர்களில் ஒருவரும் நம்மோடு பந்தயம் கட்டத் துணியவில்லை.

சென்னையில் நடக்கவிருந்த டார்ட்ஸ் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் இரட்டையருக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த வாரம்தான் உன் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. பாண்டி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி கொட்டியது. நகம் கறுத்தது. போட்டிக்குப் போகவேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "உனக்குப் பயமா இருந்தா சொல்லு, உங்கூட வேற யாரையாவது சேத்து அனுப்பறேன்" என்றாய்.

போட்டியன்று பெயர் சரிபார்க்கும் மேசையில் அமைப்பாளர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பு முடியலைன்னா அடுத்த வருஷம் வாங்களேம்மா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நீ தலையில் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்த்து மேசைமேல் வைத்தாய். "தலையால எறியப்போறதில்ல சார். கையாலதான்." அன்று முழுக்க அந்தத் துப்பட்டாவை நீ மறுபடி கட்டவேயில்லை.

அரையிறுதி வரை வந்துவிட்டோம். ஐந்நூற்று ஒன்றிலிருந்து எடுக்கும் புள்ளிகளைப் பூஜ்யம் வரை கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பைப் போர்டின் விளிம்பில் விரல் அகலம்கூட இல்லாத 'டபுள்' வளையத்தில் குத்தி முடிக்கவேண்டும். அதில் பட்டால் எண் இரட்டிப்பாகும். இரண்டு ஜோடிகளும் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்து, முடிவு சொல்லும் மூன்றாவது ஆட்டம். நமக்கு நாற்பது பாக்கி. டபுள் இருபதில் ஓர் அம்பு போதும். என் முறை. கோட்டில் கால் வைத்துவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியபடி நின்றாய். மூன்று அம்பும் வெளியே போயின. எதிர் ஜோடியில் இருந்த உயரமான பெண் வந்தாள், முடித்துவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டியதும் நீ கேட்டாய். "எறியறதுக்கு முன்னாடி என்னை எதுக்குடி பார்த்தே?"

"நீ விழுந்துடுவேன்னு..."

"விழுந்தா தூக்க அங்க ஆளு இருக்குது. தோத்தது பெருசில்ல. என்மேல பாவப்பட்டுத் தோத்தே பாரு, அதான் ஆற மாட்டேங்குது."

அதற்குப் பிறகு நான்கு நாள் என் போனை நீ எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் நீயே கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வா. உனக்கு டபுளே வரல" என்றாய். ஐப்பசி மழை ஆரம்பிக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் கொட்டகைக்கு வந்தேன். கடைசி இரண்டு வாரம் நீ கட்டிலில் படுத்தபடி கணக்கு மட்டும் சொன்னாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறையில் உன் சொந்தக்காரர் ஒருவர், "நல்லவங்களைத்தான் ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கறாரு" என்றார். "அவ வர்றேன்னு சொல்லலையே" என்று நான் கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உன்னைப் பெற்ற நைனா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுமா, நல்லா சொல்லு" என்றார்.

இந்த வருடம் போட்டி அறிவிப்பு வந்தபோது என் வீட்டுக்காரர் கேட்டார். "அவளே போயிட்டா. இனிமே உனக்கு இன்னாத்துக்கு டார்ட்ஸு?"

"அவதான் போயிட்டா. நான் இருக்கறேன்ல?" என்றேன்.

சென்னையில் அதே மேசை, அதே அமைப்பாளர். என்னை அடையாளம் கண்டு வருத்தம் சொன்னார். ஜோடி இல்லாத பெண் ஒருத்தி இருக்கிறாள், சேர்த்துவிடட்டுமா என்று கேட்டார். ஒற்றையர் என்று எழுதிக் கொடுத்தேன்.

அரையிறுதியில் எதிரே வந்தவள் அன்று நம்மை முடித்த அந்த உயரமான பெண். இந்த முறையும் கடைசி ஆட்டம்வரை இழுத்தது. எனக்கு முப்பத்திரண்டு பாக்கி, அவளுக்கு இருபத்து நான்கு. என் முதல் அம்பு வெளியே. இரண்டாவது அம்பு, டபுள் வளையத்துக்கு உள்ளே தள்ளி, வெறும் பதினாறில் விழுந்தது. இன்னும் பதினாறு. டபுள் எட்டு வேண்டும், கையில் ஓர் அம்பு. இதை விட்டால் அவள் முடித்துவிடுவாள்.

திரும்பிப் பார்த்தேன். நீ திட்டுவாய் என்று தெரிந்தேதான் பார்த்தேன். நீ நின்றிருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் யாருடைய பையோ. வேண்டுமட்டும் பார்த்தேன். உன்னைப் பார்ப்பதற்கு நான் உன்னிடம்கூட அனுமதி கேட்கமாட்டேன். பிறகு போர்டு பக்கம் திரும்பி எறிந்தேன். டபுள் எட்டின் நடுவில் போய் நின்றது.

இறுதிப் போட்டியில் தோற்றேன். எதிரே ஆடியவள் என்னைவிட நன்றாக ஆடினாள், அவ்வளவுதான். இரண்டாம் பரிசுப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டபிறகு அமைப்பாளர் மைக்கை நீட்டினார். "இதை மறைந்த உங்க தோழிக்குச் சமர்ப்பணம் பண்றீங்களாம்மா?" கூட்டம் கைதட்டத் தயாராக இருந்தது.

"இல்ல சார்" என்றேன். "இது நான் எறிஞ்சு வாங்கினது. உசுரோட இருந்தா அவளுக்கானதை அவளே வாங்கியிருப்பா. இதைக் குடுத்து அந்தக் கணக்கை என்னால நேர் பண்ண முடியாது."

கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த உயரமான பெண் மட்டும் தட்டினாள்.

காலம் போனால் எல்லாம் ஆறிவிடும் என்று வீட்டிலும் கம்பெனியிலும் சொல்கிறார்கள். அழுகை ஆறிவிட்டது, உண்மைதான். உன்னை முப்பத்தொரு வயதில் எடுத்துக்கொண்டு போன அநியாயத்தின் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் சூடாகவே இருக்கிறது. அதை நான் ஆற விடப்போவதில்லை.