பெருமாநல்லூர் குட்டியும் குண்டடத்து நாயும்

மண்ணரை, திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள பியூலாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ஷெரினும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறோம். ஜோர்டானில் குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, ஹாஸ்டலில் கம்பளி கொடுத்தார்களா? கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கு. வாய் திறந்து கேட்கிற பழக்கம் உனக்குக் கிடையாது என்பதால் சொல்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறோம், பிறகு எதற்கு இந்த மனுஷன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் மகள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் எனக்கு முன்னால் அவள் கேட்டு முடித்துவிடுகிறாள். ஒற்றை அறை வீட்டில் உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச எனக்கு இடமில்லை. எங்கள் கம்பெனி செக்கிங்கில் இருக்கும் ஒச்சாயி அக்காவின் மகள் உங்கள் ஃபேக்டரிக்கே வேலைக்கு வருகிறாள். பருப்புப் பொடியோடு இதையும் அவள் கையில் கொடுத்து விடுகிறேன். ஷெரின் இப்போது சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இங்கே ஷிப்மெண்ட் நெருக்குகிறது. திங்களிலிருந்து சனி வரைக்கும் ஒன்றரை ஷிப்ட்தான். தைக்கிற பவர் டேபிளை விட்டு எழுந்தால் இடுப்பு என்னுடையதா வேறு யாருடையதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் யூனிஃபார்ம் ஊற வைக்க வேண்டும், தண்ணீர் வருகிற அன்றைக்கு எல்லாக் குடத்தையும் ரொப்ப வேண்டும், பிள்ளையின் தலையில் பேன் பார்க்க வேண்டும். குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ அங்கே படுகிறதை விட இது பெரிதில்லை. சோர்வாக இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்து வீட்டு கருத்தம்மா அக்கா பிள்ளைக்கு டீ போட்டுக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் வருகிற வரைக்கும் தனியாகத்தான் இருக்கிறாள். இது உனக்கும் தெரிந்ததுதான்.

நாய்க்குட்டி விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு ரூமில் தங்கியிருக்கும் பெண்ணின் சொந்தக்காரர், பெருமாநல்லூர் வேல்குமார் வளர்க்கிற லேப்ரடார் குட்டிகளில் ஒன்றை நீ வீடியோவில் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அவரிடமும் சொல்லி வைத்து, என்னிடம் போய் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாய். குட்டி வந்துவிட்டால் பிள்ளை உன்னை அவ்வளவாகத் தேட மாட்டாள், கம்பெனியில் கேட்கிறபடி இன்னொரு தடவை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றும் சொன்னாய். குட்டியைக் கொண்டுவந்தேனா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாய். நான் ஷிப்மெண்டைச் சாக்குச் சொல்லி மழுப்பிக்கொண்டிருக்கிறேன், ஷெரினிடமும் அம்மாவுக்கு நானே சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நடந்தது இதுதான்.

அந்தக் குட்டி எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. உன் வீட்டிலும் சரி என் வீட்டிலும் சரி, யாரும் நாய் வளர்த்தவர்கள் இல்லை. அதனால் கம்பெனியில் நாய் வளர்க்கிறவர்களிடம் விசாரித்தேன். குட்டி என்றால் ஒரு நாளைக்கு நாலு வேளை தீனி வைக்க வேண்டுமாம், கைக்குழந்தை மாதிரி பின்னாலேயே துடைத்துக்கொண்டு திரிய வேண்டுமாம், செருப்பு, வயர் ஒன்றையும் கடிக்காமல் விடாதாம். காலையில் பூட்டினால் சாயங்காலம் திறக்கிற வீட்டில் அதை யார் பார்ப்பது என்று எனக்குக் கவலை வந்தது. ஆனாலும் நீ ஆசைப்பட்டுச் சொல்லி வைத்தது, எப்படியாவது சமாளிப்போம் என்றுதான் போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வேல்குமார் நல்ல மனுஷர். வாங்க கண்ணு, உங்க அம்மா உங்களுக்குன்னே சொல்லி வெச்ச குட்டிங்க இது என்று சொல்லி ஷெரினின் மடியில் வைத்தார். கிரீம் கலரில் பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது. ஷெரின் சிரித்தாள், தடவிக் கொடுத்தாள், நானும் போட்டோ எடுத்தேன். உனக்கு அனுப்பினேனே, அந்தப் போட்டோதான். அதை எடுத்த கொஞ்ச நேரத்தில் அவள் குட்டியைக் கீழே விட்டுவிட்டு அடுத்த கம்பி வலைக்குப் போய்விட்டாள். அங்கே தாய் நாய் நின்றது. மடி தொங்க நின்று, குட்டி எங்கே போகிறதோ அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.

குட்டியைக் கொண்டுபோனால் இது என்ன செய்யும் என்று ஷெரின் அவரிடம் கேட்டாள். ரெண்டு மூணு நாள் தேடும் கண்ணு, குட்டி படுத்த சாக்கையெல்லாம் மோந்து பார்க்கும், அப்புறம் சரியாப் போயிரும் என்றார். குட்டி என்ன செய்யும் என்று கேட்டாள். குட்டிக்கு என்னங்க தெரியும், ஒரு ராத்திரி அழுகும், காலைல பால் வெச்சா மறந்துரும் என்றார். இவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போகலாம்ப்பா என்றாள். எவ்வளவு சொல்லியும் திரும்பிக் குட்டியைப் பார்க்கவில்லை. அந்த மனுஷரிடம் நான் என்னத்தைச் சொல்லிச் சமாளித்தேன் என்று எனக்கே நினைவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் பூலுவப்பட்டி தாண்டுகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், அந்த மாமா பொய் சொல்றாரு, குட்டி மறக்காது என்றாள். என்ன சொல்வது, நீயே சொல்.

பியூலா, நீ இதைப் படித்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாய் என்று எனக்குத் தெரியும். நீ கொடுத்ததை அவள் வேண்டாம் என்று தள்ளவில்லை. அவளுக்கு உன் மேல் கோபமும் இல்லை. ஒரு தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற வேலையில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று நினைத்துவிட்டாள். அவ்வளவுதான். அது நீ வளர்த்த குணம்தான்.

ஒரு வாரம் நாய்ப் பேச்சே இல்லை. பிறகு ஒரு காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது (இரட்டைச் சடை இப்போது எனக்கு நேராகவே வருகிறது, நீ சிரிக்க வேண்டாம்) நாய் வேண்டும், ஆனால் அம்மாவிடமிருந்து பிரிக்காத நாய் வேண்டும் என்றாள். நான் வேல்குமாருக்குப் போன் போட்டு, குட்டி வேண்டாம், மன்னிக்க வேண்டும் என்றேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. இந்தக் குட்டிக்கு ஆள் தானா வருமுங்க, குண்டடம் பக்கம் அனுசுயான்னு ஒருத்தங்க இருக்காங்க, விட்டுட்டுப் போன நாய்களை எல்லாம் தோட்டத்துல வெச்சுப் பார்க்கறாங்க, உங்க பிள்ளைக்கு அதுதான் சரியா வருமுங்க என்று அவரே நம்பரும் கொடுத்தார்.

குண்டடத்துக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். அனுசுயாவுக்கு உன் வயதுதான் இருக்கும். அங்கே எந்த நாய் வேண்டும் என்று நம்மைக் கேட்பதில்லை. ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டார். எது நம்மிடம் வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். நாலைந்து வந்து மோந்து பார்த்தன, வாலை ஆட்டின, போயின. ஒன்று மட்டும் அசையவில்லை. பழுப்பு நிறம், நாட்டு நாய், பெட்டை, குட்டிப் பருவம் எப்போதோ தாண்டியது, இடது காதில் சின்ன வெட்டு. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்துப் படுத்திருந்தது. ஊட்டைக் காலி பண்ணீட்டுப் போனவங்க கேட்டுலயே கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க, வந்ததுல இருந்து இப்படித்தாங்க என்றார் அனுசுயா.

ஷெரின் கட்டிலை விட்டு இறங்கிப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை, கூப்பிடவில்லை. அவளும் கேட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டும் அப்படியே இருந்தன. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. தொட்டிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் நாய் தலையை அவள் செருப்பின் மேல் வைத்திருந்தது.

அந்த அம்மா அதோடு நாயைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றேன். மூன்றாவது ஆள் எங்கே என்றார். அம்மா ஜோர்டான்ல தைக்கிறாங்க என்று ஷெரின் சொன்னாள். அப்ப அம்மாகிட்டயும் நான் பேசோணுமுங்க, வெளியூர்ல இருக்கறவங்க திரும்பி வந்து நாய் வேண்டாம்னு சொன்னா அது ரெண்டாவது தடவை நடுரோட்டுக்கு வருமுங்க என்றார். அவரிடம் அது சட்டம் மாதிரி. நீ சம்மதம் சொல்லும் வரைக்கும் நாய் நம்மிடம் இருக்கலாம், ஆனால் நம் நாய் ஆகாது. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் கூட்டி வந்தோம், குரைக்காமல் இருந்தால் சரி என்றார். அது குரைப்பதே இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அதற்கு அப்போதுதான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்தார்கள். தையலை நக்காமல் இருக்கப் பழைய பனியனை மாட்டிவிடுங்கள் என்றார்கள். பழைய பனியனா? நான் யார், எக்ஸ்போர்ட் டெய்லர் ஆயிற்றே. கட்டிங் வேஸ்ட்டில் நல்ல ரிப் துணியாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, அளவெடுத்து, நாலு காலுக்கும் கை வைத்து, கழுத்துக்குப் பட்டி கொடுத்து, வயிற்றோடு கச்சிதமாக ஒட்டுகிற மாதிரி தைத்து மாட்டினேன். கருத்தம்மா அக்கா வந்து பார்த்துவிட்டு, எம் பேரனுக்கு இப்படி ஒண்ணு தச்சுக் குடுத்தியா என்று கேட்டது. நாய் வாசலில் போய் நின்று என்னைப் பார்த்தது. உள்ளே வந்தது. மறுபடி போய் நின்றது. சாயங்காலம் முழுக்க இதே கதைதான். துணி குத்துகிறதோ, உடம்புக்கு முடியவில்லையோ என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். ஷெரின்தான் கண்டுபிடித்தாள், அது ஒன்றுக்குப் போக நான் வழியே வைக்கவில்லை என்று. அவிழ்த்துவிட்டதும் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ இருந்திருந்தால் பேட்டர்ன் வெட்டும்போதே என் தலையில் குட்டியிருப்பாய். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று.

நாய்க்கு இன்னும் பெயரில்லை. நீதான் வைக்க வேண்டுமாம். அதுவரைக்கும் ஏ பிள்ள என்றுதான் கூப்பிடுகிறாள்.

இனிமேல் எழுதப்போவதைப் போனில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

முதல் வாரம் நாங்கள் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாலே நாய் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்து கதவைப் பிறாண்டியிருக்கிறது. கருத்தம்மா அக்கா சொன்னது. இப்போது பிறாண்டுவதில்லை. ஏனென்றால் ஷெரின் தினமும் பையை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்கூல் விட்டதும் வந்துருவேன், வந்ததும் பிஸ்கட் தருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறாள். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது, நாய்க்கு நீ சொல்வது என்ன புரியப்போகிறது, வா என்று ஒருநாள் அதட்டினேன். எப்ப வருவோம்னு சொல்லிட்டுப் போனா அது காத்திருக்கும்ப்பா, சொல்லாமப் போனாத்தான் தேடும் என்றாள். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தும் எனக்கு வேலை ஓடவில்லை. நீ எப்போது வருவாய் என்று அவள் உன்னிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. நீயாகவும் சொன்னதில்லை. சீக்கிரம் வருவேன் தங்கம் என்பாய், அவள் சரிம்மா என்பாள். அவளுக்குப் பழகிவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன். நம் நிலைமை எனக்கும் தெரியும். வந்துவிடு என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் எழுதிவிட்டு உன்னைத் தூங்கவிடாமல் செய்ய மனம் வரவில்லை. அனுசுயா அம்மாவின் நம்பர் பின்பக்கம் இருக்கிறது. முடிந்தால் அவரிடம் பேசி உன் சம்மதத்தைச் சொல். நாய்க்கு ஒரு பெயர் யோசித்து வை.

அப்புறம் ஷெரினைக் கூப்பிட்டு, இன்ன மாதம் இன்ன தேதி வருகிறேன் என்று உன் வாயால் ஒரு தேதி சொல். ஒரு வருஷம் கழித்து என்றாலும் பரவாயில்லை, இரண்டு வருஷம் என்றாலும் சொல்லிவிடு. அவள் காத்திருப்பாள். நானும்தான்.

கர்த்தர் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன்
ஜெபக்குமார்