இடம் மட்டும்

நாள் 212 – காலை 7.10
செவ்வாய்க் கிரகம், வடக்குத் தண்ணீர் நிலையம். எழுதுவது பொறுப்பாளர் ஜெசிந்தா. துளைக்கருவி ஓடுகிறது, தண்ணீர் வருகிறது. இங்கே ஆள் இரண்டே பேர்: நானும் என் மகள் அனிட்டாவும். அவளுக்கு வயது பதினைந்து. அவளுடைய விண்ணுடை சின்னதாகிவிட்டது. என்னுடையதை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் பழையதை மாட்டிக்கொள்கிறேன். பழையதில் காதுப்பக்கம் செத்துவிட்டது. நான் பேசினால் நிலையத்தில் கேட்கும். நிலையத்தில் பேசினால் எனக்குக் கேட்காது. சரிசெய்ய வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம்.

நாள் 213 – மாலை 6.40
தலைமையகத்தின் புது உத்தரவு. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வெளியே போனால் பெற்றவர் கண்காணிக்க வேண்டுமாம். மூன்று படி வைத்திருக்கிறார்கள். ஒன்று, எங்கே நிற்கிறாள் என்று மட்டும் காட்டும். இரண்டு, யாரோடு பேசுகிறாள் என்றும் காட்டும். மூன்றில் பேச்சையே கேட்கலாம், அவளுக்குத் தெரியாது.

மூன்றுதான் என்றேன். மாதாவே, வந்தது பாருங்கள் கோபம்! வக்கீல் மாதிரி வாதாடினாள். இந்தத் தகர டப்பாவுக்குள் கழிவறைக்கே ஒரு துணித் திரைதான். வெளியே போகும் நேரம்தான் அவளுக்கென்று இருக்கிறதாம். அதுவும் நியாயம்தான். தூத்துக்குடியில் இருந்தால் மொட்டைமாடியிலாவது போய் நின்றிருப்பாள். கடைசியில் முதல் படிக்கு ஒத்துக்கொண்டோம். இடம் மட்டும். மாதா மேல் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

நாள் 219 – காலை 9.30
ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே வருகிறாள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. யாரோடு பேசுகிறாள்? அப்படி என்ன பேச்சு? மூன்றாம் படியைப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு நாள்தான். அவள் விண்ணுடையின் பேட்டரி வேகமாக இறங்கும் என்று திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. சரி என்று அழுத்திவிட்டேன்.

நாள் 223 – மாலை 5.20
ஒரே நாள் என்றவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேசுவது தெற்கு நிலையத்து டெய்சியோடு. அவளும் இவள் வயதுதான். இன்று கேட்டது:

“எங்கம்மா ராத்திரி அழுவா டெய்சி. நான் தூங்குற மாதிரி படுத்துக்கிடுவேன். என்னன்னு கேக்க மாட்டேன். தனியா அழ அவளுக்கும் ஒரு எடம் வேணும்லா? எனக்கு அவ எடம் விட்டிருக்கா. சொன்னா சொன்னதுதான், எங்கம்மா.”

சீ, நானெல்லாம் ஒரு தாயா! மூன்றாம் படியை அணைக்கத்தான் கை போனது. அணைக்கவில்லை. என்னைப் பற்றி இன்னும் என்ன சொல்வாளோ என்று ஒரு ஆசை. வெட்கங்கெட்ட ஆசை. நாளைக்குக் கட்டாயம் அணைத்துவிடுவேன்.

நாள் 224 – மதியம் 2.15
புழுதிக்காற்று கிளம்பிவிட்டது. திரும்பி வரச் சொன்னேன். பதில்:

“வாறேம்மா. இந்தப் பேட்டரி என்னமோ சீக்கிரமா எறங்குது. காலையிலதான ஏத்துனேன்? பாதைகூடத் தெரி—”

அவ்வளவுதான். வரைபடத்தில் அவள் புள்ளியும் அணைந்துவிட்டது.

பேட்டரியைத் தின்றது நான். ஒட்டுக்கேட்டுக் கேட்டுத் தின்றேன்.

2.50
புள்ளி வரவில்லை. தெற்கு நிலையத்துக்குச் சொல்லியாயிற்று, அவர்கள் வந்துசேர இரண்டு நாள் ஆகும். பழைய விண்ணுடையைப் போட்டுக்கொண்டு, அவள் புள்ளி கடைசியாகத் தெரிந்த மேற்குப் பள்ளத்துக்குப் போகிறேன். காது கேட்காவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. யார் இதைப் படித்தாலும் சரி: பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. எல்லாம் நான் செய்த பாவம்.

4.30 – எழுதுறது அனிட்டா
நான் வந்துட்டேன். புழுதியில வழி தப்பி, கிழக்கு மேட்டு வழியா, பேட்டரி செத்ததால காத்துக்குழாயைக் கையாலயே தொறந்து மூடிக்கிட்டு நடந்து வந்தேன். அம்மா இல்ல. திரையில இந்தக் குறிப்பு தொறந்து கெடந்துச்சு. முழுக்கப் படிச்சிட்டேன். நான் படிச்சிருக்கக் கூடாது. நீ கேட்டிருக்கக் கூடாதும்மா.

ஸ்பீக்கர்ல அம்மா குரல் வருது. நான் செத்துட்டேன்னு நெனச்சுப் பேசுறா. கத்திக் கத்திப் பாத்துட்டேன், அவளுக்குக் கேக்கல.

யாரும் கேக்கலன்னு எல்லாத்தையும் சொல்றா. அப்பா விட்டுட்டுப் போன அன்னைக்கு நடந்ததச் சொல்றா. நான் வயித்துல இருந்தப்ப வேண்டாம்னு ஒரு தடவ நெனச்சதச் சொல்றா. இதெல்லாம் நான் கேக்கக் கூடாது. ஸ்பீக்கர அணைச்சிரலாம்னு பாத்தா, நடுநடுவுல வழியில பாக்குற பாறையச் சொல்றா, பள்ளத்தச் சொல்றா. பழைய உடைக்கு வரைபடத்துல புள்ளி இல்ல, அத வச்சுத்தான் அவ எங்க இருக்கான்னு தெரியுது. அதனால எல்லாத்தையும் கேக்குறேன்.

5.05
“ஏட்டி அனிட்டா, திரும்பி வந்துருட்டி. மாதா மேல சத்தியம், இனிமே எடம் மட்டுந்தான் பாப்பேன். அதுகூட வேண்டாம்ட்டி. குப்பியில காத்து கொறையுது. பெரிய பாறைக்குக் கீழ உக்காந்திருக்கேன். கொஞ்சம் உக்காந்துட்டு—”

5.09
பேச்சு நின்னுட்டு. என் பேட்டரி பாதிகூட ஏறல. போதுமோ போதாதோ, காத்துக்குப்பி ஒண்ணத் தூக்கிக்கிட்டுக் கெளம்புறேன். அவ குரல் என் ஹெல்மெட்டுக்கு வர்ற மாதிரி மாத்திட்டேன்.

பேசும்மா. என்னத்தையாவது பேசு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.