பெலிக்ஸ் சார் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம்

திண்டுக்கல்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சியும் சுகம், மலைக்கோட்டையும் வைத்த இடத்திலேயே சுகமாக இருக்கிறது. (கோட்டை விஷயம் அம்மா சொன்னதில்லை அக்கா. அம்மாவின் இரண்டு கையும் மல்லிகைச் சரத்தில் மாட்டியிருப்பதால் அவர் சொல்லச் சொல்ல எழுதுவது நான், இளவேனில். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.) மத்திய போலீஸ் பயிற்சி முடிகிறவரை போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று நீ போட்ட கடிதம் கிடைத்தது. ராஜஸ்தானில் குளிர் கடுமை என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. சாப்பாட்டுக்கு வெறும் ரொட்டிதானா, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஏதாவது தருகிறார்களா, எழுது. ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன், கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. அப்பாவுக்குப் பிரியாணிக் கடையில் பார்சலிலிருந்து கல்லாவுக்கு மாற்றம். (சட்டையில் வாசம் மட்டும் இப்போதும் வீடு வரைக்கும் வருகிறது, பிரியாணிதான் வழியில் எங்கோ இறங்கிவிடுகிறது.)

இந்த வாரம் நடந்த கூத்தைச் சொல்கிறேன் கேள். திங்கட்கிழமை இளவேனிலின் தலைமையாசிரியை இஞ்ஞாசியம்மாள் டீச்சர் என்னை உடனே வரச்சொல்லி போன் போட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போன வருஷம் இவள் பள்ளிக்கூடத்து மணி அடிக்கிற கட்டையை ஒளித்துவைத்தது உனக்குத் தெரியும். (அதனால் கடைசி பீரியடு முடியவே இல்லை, நஷ்டம் எங்களுக்குத்தான்.) இன்னொரு தடவை ஏதாவது செய்தால் டிசியைக் கையில் கொடுத்துவிடுவேன் என்று அப்போதே டீச்சர் சொல்லியிருந்தார். பத்தாம் வகுப்பில் நடு வருஷத்தில் டிசியோடு வந்து நின்றால் யார் சேர்த்துக்கொள்வார்கள். கட்டின பூவைப் பாதியில் போட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

போனால் விஷயம் இதுதான். இவர்கள் சமூக அறிவியல் புத்தகத்தில் குடிமையியல் என்று ஒரு பகுதி உண்டாம், சட்டசபை, பஞ்சாயத்து, கோர்ட்டு எல்லாம் அதில்தான். அதற்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. காலாண்டுப் பரீட்சை முடிந்ததிலிருந்து அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் பெலிக்ஸ் சார் எடுத்துக்கொண்டார். (கடன் வாங்கிக் கழித்தல் சொல்லித் தருகிறவர், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கு மட்டும் அவருக்கு வராது.) பிள்ளைகள் கேட்டதற்கு, அதுல என்னலே பெரிய மார்க்கு வந்துறப்போகுது, நீங்களே வாசிச்சுக்கிறலாம், குடியா முழுகிப்போகும் என்றாராம். அவர் சொன்னபடியே இவளும் தானாக வாசித்தாள். வாசித்துவிட்டு, அதில் போட்டிருக்கிறபடியே பெலிக்ஸ் சார் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்று எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டாள். (குடிமையியல் முழுகினால் குடியும் முழுகும் என்று முடித்திருந்தேன். எனக்கே பிடித்த வரி.)

பெலிக்ஸ் சார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். டீச்சர் ஒரு மன்னிப்புக் கடிதத்தை நீட்டி, கையெழுத்துப் போடுங்கம்மா என்றார். நான், செத்த இருங்க டீச்சர், இவ அப்படி என்னதான் எழுதுனான்னு மொதல்ல வாசிச்சுக் காட்டுங்க என்றேன். டீச்சர் வாசித்தார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. மாண்புமிகு பெலிக்ஸ் அவர்கள் என்றுதான் ஆரம்பம், பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பு உண்டு என்று முடிவுக்கு முன்னால் போட்டிருந்தாள். இதெல்லாம் உங்க புத்தகத்துல இருக்குதா டீச்சர் என்று கேட்டேன். இருக்கு என்றார். அப்ப புத்தகத்துல இருக்கறத வாசிச்சதுக்கா டிசி என்றேன். எனக்கு எங்கிருந்து அம்புட்டு தைரியம் வந்ததோ. முதலில் சிரித்தது பெலிக்ஸ் சார்தான். எனக்குப் பதில் சொல்ல வாய்ப்பு இருக்காம்ல டீச்சர், வெள்ளிக்கிழமை சொல்லிக்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு வகுப்பே சட்டசபை ஆகிவிட்டது, டீச்சர்தான் சபாநாயகர். இவள் எழுந்து, தெருக்குழாயில தண்ணி வரலேன்னா யார்ட்டப் போயி கேக்கணும்னுகூடத் தெரியாம நாங்க பதினெட்டு வயசுல போயி எப்படி ஓட்டுப் போடுறது சார் என்று கேட்டாளாம். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நம் தெருக்குழாயில் தண்ணீர் வராமல் நின்றதிலிருந்து யாரைக் கேட்பதென்று தெரியாமல் நானும் குழாயைத்தானே திட்டிக்கொண்டிருந்தேன். பெலிக்ஸ் சார் பதில் சொல்லும்போது, கணக்குல பாதிப் பேரு பெயிலாப் போயிட்டீக, அந்தப் பதட்டத்துல எடுத்தேன், ஆனா உங்கள ஒரு வார்த்தை கேக்காம எடுத்தது தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை உங்களுக்கே, கணக்குக்குத் தினமும் காலையில செத்த முன்னாடி வாங்க, நானும் வாரேன் என்றாராம். பிறகு சீட்டில் ரகசிய ஓட்டு. தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றுப்போனது. தோற்றவள் அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தால் குதித்துக்கொண்டு வருகிறாள், பீரியடு வந்துவிட்டதாம். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்றால், ரகசிய வாக்கெடுப்பு, பெற்ற தாய்க்கும் சொல்லக் கூடாது என்கிறாள். (என்னுடையதுதான் அக்கா. தப்பை எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்ட மனுஷனை எப்படிக் கவிழ்ப்பது. கையெழுத்துப் போட்ட பத்துப் பேருக்கும் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார்கள். அம்மாவிடம் மூச்சு விடாதே.)

இனி வெள்ளிக்கிழமை படிப்பதை எனக்கும் வந்து சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் பாடம் குழாய். நேற்று நானும் பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியும் கவுன்சிலரிடம் மனுக் கொடுத்துவிட்டு வந்தோம். பயந்துகொண்டுதான் போனோம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். தண்ணீர் வந்ததும் எழுதுகிறேன். வேலையில் சேர்ந்ததும் உனக்குத் தபால் ஓட்டு உண்டாம், இவள் சொன்னாள். மறக்காமல் பதிந்துகொள். எந்த ஊருக்குப் போனாலும் எடுத்த காரியம் நல்லபடி முடிந்து, நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு.

உன் அம்மா,
முத்துப்பேச்சி

சத்யா, பூக் கட்டி முடித்துக் கை கழுவிவிட்டு இதை நானே எழுதுகிறேன். கையெழுத்துப் போடும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கும் பழக்கம் எனக்கு இந்த வாரம்தான் வந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் வாசித்துவிட்டேன். இவளுக்குத் தெரியாது, உறையை நானே ஒட்டுகிறேன். நீயும் சொல்லிவிடாதே, ரகசிய ஓட்டு ரகசியமாகவே இருக்கட்டும்.